விசுவகர்மா பூஜையில் ட்ரில் பிடித்த கை

எங்கள் அடுக்ககத்தில் யார் வீட்டிலாவது திரைச்சீலைக் கம்பி ஆடினால், வீட்டுக்காரர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிடுவார். கொல்கத்தா பெஹாலாவில் இந்தக் கட்டடத்துக்கு நான்தான் ட்ரில் தாதா, அதாவது ட்ரில் அண்ணன். இரண்டாம் மாடியில் ஒரு டாக்டரும் நாலாம் மாடியில் ஒரு வக்கீலும் இருக்கிறார்கள். அவர்கள் வாசலில் இவ்வளவு கூட்டம் கிடையாது.

போன வாரம் வந்தவர் மூன்றாம் மாடி சுப்ரதோ. வங்கியில் வேலை. துர்கா பூஜைக்குள் வீட்டுக்கு ஒரு கார்ட்லெஸ் ட்ரில் வாங்கியாக வேண்டுமாம். பன்னிரண்டு வோல்ட்டா பதினெட்டு வோல்ட்டா, மோட்டாரில் பிரஷ் இருக்கலாமா கூடாதா, சுத்தியல் மாதிரி இடிக்கிற வசதி வேண்டுமா என்று ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட மனிதர் இவ்வளவு விசாரிக்கவில்லை. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருக்க முடியும்?

அவர் முகம் வெளுத்துவிட்டது. போன மாதம்தான் இ.சி.ஜி. எடுத்ததாகவும் எல்லாம் சரியாக இருந்ததாகவும் சொன்னார்.

ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்கி எனக்கும் அலுத்துவிட்டது. பழைய பட்டறைப் பையன்களும், இப்போது எல்லாமே பேட்டரியாகிவிட்டதே, நீங்கள் முதல் ட்ரில்லை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆகவே எழுதிவிடுகிறேன். தொழில்நுட்பக் கட்டுரை என்று நினைத்துப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும். இதில் வோல்ட்டைவிட டீ அதிகம்.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு ஹௌராவில் வந்து இறங்கியவன் நான். சாந்த்ராகாச்சிப் பக்கம் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பயிற்சி என்றால் என்ன, ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவச் சொன்னார்கள். ராவினேன். இரும்பு தட்டையானதோ இல்லையோ, என் திமிர் தட்டையாகிவிட்டது. பிறகு பல வருஷம் பெட்டிக்குள் வேலை. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை டூல் ரூம். கருவிகளைக் கொடுப்பதும் வாங்கி வைப்பதும், உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் சொல்லும் கதைகளை நம்பாமல் இருப்பதும்தான் என் உத்தியோகம்.

வயர் வைத்த ட்ரில் இருந்த காலத்தில் ஒரு ரயில் பெட்டிக்குள் ஏழெட்டுப் பேர் வேலை செய்தால் அது பாம்புப் புற்று மாதிரி இருக்கும். எவனாவது தன் வயரை இழுப்பான், இன்னொருவன் கையிலிருந்த ட்ரில் பறக்கும். சண்டையை விலக்கி வைக்கவே எனக்குப் பாதி நாள் போய்விடும். அதனால் மேலிடம் கார்ட்லெஸ் ட்ரில் வாங்கலாம் என்று சம்மதித்தபோது அதிகம் மகிழ்ந்தவன் நான். எங்கள் ஃபோர்மன் நிர்மல் பாபு மகிழவில்லை. அவர் எதற்குமே உடனே மகிழமாட்டார்.

நிர்மல் பாபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ‘அச்சா’ என்ற ஒரு வார்த்தையை மூன்று விதமாகச் சொல்வார். நீட்டிச் சொன்னால் சரி என்று அர்த்தம். வெட்டிச் சொன்னால் மறுபடி செய் என்று அர்த்தம். மூக்கால் சொன்னால் நாம் வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வருவது நல்லது. புதுக் கருவி எது வந்தாலும் கூடவே வரும் விவரத்தாளை என்னை உரக்கப் படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “அச்சா, டீ சொல்லு” என்பார்.

டீதான் அவருடைய பரிசோதனை. கருவியை ஒரு கையில் பிடித்து, அந்தக் கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்க வேண்டும். இன்னொரு கையில் மண் குவளையில் சுடச்சுட டீ. தூக்கிய கையை இறக்காமல் டீயைக் குடித்து முடிக்க வேண்டும். நிதானமாக ஊதி ஊதிக் குடித்தால் கருவி தேறிவிட்டது. நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று மடமடவென்று விழுங்கினால் அது கனம். சட்டையில் சிந்தினால் பிடி சரியில்லை. பாதியில் குவளையை வைத்துவிட்டால் அந்தக் கருவியைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். ஐந்து பேரை இப்படி நிறுத்திப் பார்ப்பார். வெளியாட்கள் யாராவது அந்த நேரம் உள்ளே வந்தால், ஐந்து பேர் கையில் ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு டீ குடிப்பதைப் பார்த்து இது என்ன விரதம் என்றுதான் கேட்பார்கள்.

விளையாட்டாகத் தோன்றும். ஆனால் நிர்மல் பாபுவின் வலது தோள் போய்விட்டிருந்தது. இருபது வருஷம் பெட்டியின் கூரையில் அண்ணாந்து ஓட்டை போட்ட தோள். அந்தக் கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. தலை வாருவதும் இடது கையால்தான். பையன்கள் யாரும் இடது கையால் தலை வாரும்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று கம்பெனிகளிலிருந்து மாதிரிக்கு ஒவ்வொரு ட்ரில் அனுப்பச் சொல்லியிருந்தோம். நிர்மல் பாபு அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் பரிசோதனை முடிந்து கையெழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மேலிடத்தில் சென் சாஹேப் என்ற இளம் எஞ்சினீயர், எதில் வோல்ட் அதிகமோ அதை வாங்கிவிடுவார். நல்ல பிள்ளைதான். சக்தி அதிகம் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று அவர் நம்பினார், அவ்வளவுதான். ஆனால் அதிக வோல்ட் என்றால் அதிக கனம். அதன் பேட்டரி மட்டும் ஒரு செங்கல் அளவு இருந்தது.

மாதிரிகள் வந்து சேர்ந்தது விசுவகர்மா பூஜைக்கு முந்தின நாள் மாலை. ஏஜெண்டுகளோ பூஜைக்கு மறுநாளே திருப்பி எடுத்துக்கொள்வோம் என்றார்கள்.

இங்கே நம் ஊர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் நேரத்தில் வங்காளத்தில் விசுவகர்மா பூஜை. யானை மேல் உட்கார்ந்த விசுவகர்மாவைப் பட்டறைக்குள் கொண்டுவந்து வைத்து, எல்லாக் கருவிகளுக்கும் சிந்தூரம் இடுவார்கள். வானம் முழுக்கப் பட்டம் பறக்கும். அன்று யாரும் கருவியைத் தொடக்கூடாது. நமக்கு ஆயுத பூஜை எப்படியோ அப்படி. நம்முடையது நவமியில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். என் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் திருப்புளி, குறடு, சுத்தியல் மூன்றும் இருக்கின்றன. நவமியன்று எடுத்துத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். மறுநாள் டின்னுக்குள் போய்விடும். என் மனைவி கோமதி இதைப் பற்றி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள். “எங்க வீட்டுத் திருப்புளி வருஷத்துல ஒரு நாள்தான் வெளிய வரும். அன்னிக்கு அதுக்கு லீவு.”

ஆக, பரிசோதிக்க இருந்த ஒரே நாளில் கருவியைத் தொடக்கூடாது. நிர்மல் பாபு மூன்று ட்ரில்லையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவற்றுக்கும் சிந்தூரம் இட வந்த பையனைத் தடுத்துவிட்டார். இன்னும் வேலையில் சேராதவர்களுக்கு ஏது விடுமுறை என்பது அவர் வாதம்.

அடுத்த சிக்கல், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றலாமா. ஒரு கட்சி, அதுவும் வேலைதான் என்றது. இன்னொரு கட்சி, அது சாப்பாடு என்றது. புரோகிதர் பட்டாசார்யா மஷாயை, அதாவது பட்டாசார்யா ஐயாவை, கேட்டோம். அவர் சங்கைத் துடைத்துக்கொண்டே சிறிது யோசித்து, விடுமுறை நாளில் வேலை செய்வதுதான் தப்பு, சாப்பிடுவது தப்பில்லை என்றும், தாமும் அந்த வழக்கத்தையே கடைப்பிடிப்பதாகவும் சொன்னார். மூன்று பேட்டரியும் மேசை மேல் சாப்பிட ஆரம்பித்தன.

பூஜை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாமிக்குப் பின்னால் மேகம், மயில் எல்லாம் வரைந்த பெரிய பிளைவுட் பலகை ஒன்றை மூங்கில் சட்டத்தில் பொருத்தியிருந்தோம். சென் சாஹேப் புது குர்த்தாவில் விருந்தாளியாக வந்திருந்தார். அப்போது கூரை ஓரத்துத் திறப்பு வழியாக அறுந்து வந்த ஒரு பட்டம் அந்தப் பலகையின் உச்சியில் போய்ச் சிக்கியது. அழகான பட்டம். ஸ்டோர் கீப்பருக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. நூலைப் பிடித்து இழுத்தார். பட்டம் வரவில்லை. சும்மா விடுவாரா, இரண்டு கையாலும் இழுத்தார். மேலே இருந்த சட்டம் மளுக்கென்று கழன்றது. பலகை முன்னால் சாய்ந்து விசுவகர்மாவின் கிரீடத்தில் முட்டி நின்றது.

பக்கத்தில் இருந்த நாலு பேர் பாய்ந்து கையைத் தூக்கிப் பலகையைத் தாங்கினார்கள். அதில் ஒருவர் சென் சாஹேப். பட்டாசார்யா மஷாய் மந்திரத்தை நிறுத்தாமல் கண்ணை மட்டும் அகல விரித்தார். இருநூறு ஃபிட்டர்கள் இருக்கும் பட்டறை. நாலு ஸ்க்ரூ போட்டால் தீர்ந்துவிடும் விஷயம். ஆனால் ஒருத்தனும் கருவியைத் தொட முடியாது. சாமி விழுந்தால் வருஷம் முழுக்க ஆகாது என்று ஒருவர் அழாத குறையாகச் சொன்னார். நிர்மல் பாபுவுக்கு அதுதான் பட்டறையில் கடைசி பூஜை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவரோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வங்காள மொழியில்தான் கேட்டார், நம் பேச்சில் சொல்வதானால் இப்படி: “சுப்பு, உன் வீட்டுத் திருப்புளிக்கு என்னிக்கு லீவு?”

நவமிக்கு என்றேன்.

“அப்ப இன்னிக்கு இல்ல.”

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. முப்பது வருஷமாக அவர்களோடு சேர்ந்து நானும் அன்று சும்மாதான் இருந்திருக்கிறேன். சும்மா இருக்கத் தேவையில்லை என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். புரோகிதரிடம் கேட்டார்கள். அவர் மணியை ஆட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். ஒரு கைக்கு வருஷத்தில் ஒரு விடுமுறைதான் விதி. இரண்டு எடுத்தால் அது சோம்பல். வேலைக்குக் கை கிடைத்துவிட்டது. கருவி? பட்டறையின் கருவிகள் எல்லாம் சிந்தூரத்தோடு ஓய்வில் இருந்தன. மேசையில் மூன்று பேர் மட்டும் சாப்பிட்டு முடித்து, இன்னும் வேலையில் சேராமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நிர்மல் பாபு “அச்சா” என்றார். நீட்டிச் சொன்னார்.

ஏணியில் ஏறினேன். முதலில் அதிக வோல்ட் ட்ரில்லைக் கொடுக்கச் சொன்னவர் சென் சாஹேப்தான், பலகைக்கு அடியிலிருந்து. வாங்கித் தலைக்கு மேலே தூக்கினேன். ஒரு பூசணிக்காயைக் கையில் வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்ன மாதிரி இருந்தது. முனை ஆடியது. அழுத்தினேன். ஸ்க்ரூ கோணலாக இறங்கியது, என் மணிக்கட்டும் கூடவே திரும்பியது. ஒரு ஸ்க்ரூவுக்கே எனக்கு மூச்சு வாங்கியது. கீழே நிர்மல் பாபு அதை வாங்கி வைத்துவிட்டு அடுத்ததை நீட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனிதர் பரிசோதனை நடத்துகிறார். சாமி சாய்ந்து நிற்கிறது, இவர் என்னை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது பார்க்க லட்சணமாக இருந்தது. கனமும் இல்லை. ஆனால் அதற்கு மெதுவாகச் சுற்றத் தெரியவில்லை. விசையைத் தொட்டால் ஒரே ஓட்டம், விட்டால் நின்றுவிடும். நடுவில் ஒன்றும் கிடையாது. ஸ்க்ரூவின் தலையிலிருந்து முனை வழுக்கிப்போய், வரைந்திருந்த மயிலின் கண்ணில் ஓட்டை போட்டது. வரைந்தவன் கூட்டத்தில்தான் இருந்தான். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மூன்றாவது மூன்றிலும் சின்னது. வோல்ட்டும் குறைவு. கையில் வாங்கியதும் பிடி உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது. விசையை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுற்றியது, கூட்டினால் கூடியது. ஸ்க்ரூ போய் அமர்ந்ததும், அதற்கு மேல் போகாமல் கடகடவென்று கிளட்ச் சத்தம் கொடுத்து நின்றது. போதும் என்று ஒரு கருவியே சொல்வதை அன்றுதான் கேட்டேன். இரண்டு ஸ்க்ரூ இறக்கினேன். மூன்றாவதில் பாதியில் முனகிக்கொண்டு நின்றுவிட்டது.

கீழே விசாரணை நடந்தது. மைக் செட்டின் ப்ளக்குக்கு இடம் வேண்டும் என்று யாரோ அந்த ஒரு சார்ஜரை மட்டும் பாதியில் பிடுங்கியிருக்கிறான். மற்ற இரண்டும் வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்க, வேலைக்காரன் பட்டினி. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றுக்குப் பொருந்தாது, வேறு வழியில்லை. பேட்டரியைக் கழற்றி மறுபடி சார்ஜில் போட்டோம். நான் ஏணியில். நாலு பேர் பலகைக்கு அடியில், ஆள் மாற்றினால் பலகை சரிந்துவிடும் என்ற பயத்தில் கையைத் தூக்கியபடி.

நிர்மல் பாபு டீ சொன்னார்.

மண் குவளையில் டீ வந்தது. அந்த நாலு பேருக்கும் மற்றவர்கள் வாயருகே பிடித்துக் கொடுத்தார்கள். சென் சாஹேபுக்கு நிர்மல் பாபுவே தன் கையால் கொடுத்தார். முதல் குவளையில் சாஹேப் ஊதி ஊதிக் குடித்தார். இரண்டாவதில் மடமடவென்று விழுங்கினார். மூன்றாவது பாதி புது குர்த்தாவில் போயிற்று. தோள் எரிகிறது என்று மெதுவாகச் சொன்னார். நிர்மல் பாபு அவரைக் கேலி செய்யவில்லை. “ஆமா, எரியும்” என்றார். தன் வலது கையைக் காதுவரை தூக்கிக் காட்டி, இதற்கு மேல் வராது என்று மட்டும் சொன்னார். சாஹேப் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வெறும் கையையே இவ்வளவு நேரம் தூக்க முடியவில்லையே, செங்கல்லோடு எப்படித் தூக்குவார்கள் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

பேட்டரி வந்தது. மீதி ஸ்க்ரூவை இறக்கினேன். பலகை நின்றது. விசுவகர்மாவின் கிரீடம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அது ஒரு தோரணையாகத்தான் இருந்தது. ஸ்டோர் கீப்பருக்குப் பட்டமும் கிடைத்துவிட்டது.

மறுநாள் சென் சாஹேப் சின்ன ட்ரில்லுக்குக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேட்டரி வேண்டும் என்று அவரே சேர்த்து எழுதினார். பையன்களின் தோள் பிழைத்தது.

மாதக் கடைசியில் நிர்மல் பாபுவுக்கு வழியனுப்பு விழா. சால்வை, சுவர்க் கடிகாரம் என்று பேச்சு வந்தபோது நாங்கள் எல்லோரும் ஒன்றாக வேண்டாம் என்றோம். அந்தச் சின்ன ட்ரில்லில் ஒன்றை வாங்கிச் சாமந்தி மாலை போட்டுக் கொடுத்தோம். அவர் அதை இடது கையில் வாங்கி, எடை பார்த்து, ‘அச்சா’ என்றார். அது அந்த மூன்று விதத்தில் எதிலும் சேரவில்லை. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. டூல் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வருஷம் நவமியன்று காலை, எங்கள் வீட்டில் திருப்புளிக்குக் குங்குமம் வைத்துச் சுண்டல் படைத்துக்கொண்டிருந்தோம். அழைப்புமணி அடித்தது. வாசலில் நிர்மல் பாபு, வேட்டி குர்த்தாவில், தோளில் ட்ரில் பெட்டி. டாலிகஞ்சிலிருந்து ஆட்டோ பிடித்து, பூஜைக் கூட்டத்தில் நசுங்கி வந்திருந்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்து கை நமநமக்கிறதாம்.

“உன் கைக்கு இன்னிக்கு லீவு. என் கைக்கு முடிஞ்சு போச்சு. வீட்டுல எது ஆடுது?”

கோமதிக்கு வங்காள மொழி முழுசாக வராது. இந்தக் கேள்வி மட்டும் அட்சரம் பிசகாமல் புரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து ஆடுவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். குளியலறைத் தாழ்ப்பாள், சமையலறைப் பலகை, மூன்று ஜன்னல்களின் திரைச்சீலைக் கம்பி, காலிங் பெல், சாமி படம். கூடவே என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் கருவியைத் தொடக்கூடாதே, டீ போட்டுக் கொண்டுபோனேன். அவர் ஸ்டூலில் நின்று, இடது கையில் ட்ரில்லைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, வலது கையால் வாங்கி, ஊதி ஊதி, அவசரமே இல்லாமல் குடித்தார்.

அதுமுதல் வருஷா வருஷம் விசுவகர்மா பூஜையன்று நான் அவர் வீட்டுக்குப் போவேன், நவமியன்று அவர் இங்கே வருவார். ஆகவே சுப்ரதோவுக்கு என் ஆலோசனை: கனம் பார், விசை மெதுவாகக் கேட்கிறதா பார், இரண்டு பேட்டரி வாங்கு. முடிந்தால் வேறொரு நாளில் விடுமுறை எடுக்கும் சிநேகிதன் ஒருவனையும் சம்பாதித்துக்கொள்.

ஒன்று பாக்கி. நிர்மல் பாபு போடும் ஸ்க்ரூ தளராது. போன வருஷம் பூஜை வந்தபோது எங்கள் வீட்டில் எதுவுமே ஆடவில்லை. நவமிக்கு முந்தின நாள், அஷ்டமியன்று மத்தியானம் தூங்கி எழுந்து வந்தேன். கோமதி பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்துவிட்டு, திருப்புளியோடு ஸ்டூலில் ஏறி நின்று, திரைச்சீலைக் கம்பியின் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

“நாளைக்கு அவரு வருவாருல்லா. இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையா திரும்பணுமாக்கும்?”

நான் போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.